எந்த வாட்டில் நின்றவர்?

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். என் அம்மா சென்ற மாதம் கோண்டாவிலில் எங்கள் வீட்டிலேயே காலமானார். வயது 74. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகக் கடமையாற்றி 2011 இல் இளைப்பாறியவர். 1989 இல் அப்பா மாரடைப்பால் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு, தங்கைக்கு மூன்று. அதன் பிறகு எங்கள் மூவரையும், அப்பாவின் தம்பிமார் இருவரையும், அப்பம்மாவையும் அம்மாவின் சம்பளமே தாங்கியது.

செத்தவீட்டுக்கு வந்துவிட்டு நான் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்குத் திரும்பிவிட்டேன். அந்தியேட்டிச் சடங்குக்கு மறுபடியும் வர வசதியில்லை என்பதால், அன்று கொடுக்கும் கல்வெட்டை, அதாவது நினைவு மலரை, எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். 31ஆம் நாளுக்கு இன்னும் பதினொரு நாட்களே இருக்கின்றன. ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்த உத்தமி என்று எழுதி, பிள்ளைகள் புலம்பலையும் பேரப்பிள்ளைகள் புலம்பலையும் போட்டால் போதும்’ என்று சித்தப்பாமாரும் தம்பியும் சொல்கிறார்கள். எனக்கு அந்த வசனத்தை எழுதக் கை வரவில்லை. எங்களுடைய பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி எதற்கும் அம்மா வந்ததில்லை. இரவுக் கடமை நாட்களில் மறுநாள் பாடசாலைக்கான இரட்டைப் பின்னலை முதல்நாள் மாலை ஐந்து மணிக்கே பின்னிவிடுவார். நான் பின்னலோடு படுத்து எழும்பிக் கலைந்த தலையோடு வகுப்புக்குப் போவேன். 1995 இடப்பெயர்வில் எங்களைக் கொடிகாமத்தில் அப்பம்மாவிடம் விட்டுவிட்டு அம்மா மந்திகைக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு நெடுங்காலம் இருந்தது. இப்படியிருக்க, குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்று எழுதினால் அது பொய்யாகாதா?

அம்மாவின் வேலையைப் பற்றி எழுதலாம் என்றால் எனக்கு ஒன்றுமே தெரியாது. அவர் வீட்டில் ஆஸ்பத்திரிக் கதை கதைப்பதில்லை. நான் கண்டதெல்லாம் சின்னச் சின்ன விடயங்கள். என் கணக்குக் கொப்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சிவப்புப் பேனையால் திருத்திக்கொண்டு வருவார். கட்டில் விரிப்பின் மூலைகளைக் கடிதவுறை போல மடிப்பார். அப்பம்மா நான்கு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். அவரைப் பார்க்கும் முறையை எங்கள் பெயர் போட்டு எழுதிக் குசினிக் கதவில் ஒட்டியிருந்தார். தீபாவளிக்கு எங்களுக்குப் புது உடுப்பு வாங்கித் தருவார், தான் மட்டும் உடுத்தமாட்டார். இவையெல்லாம் கல்வெட்டில் போடக்கூடியவையா?

முன்னட்டைக்குச் சேலையுடன் ஸ்ரூடியோவில் எடுத்த படத்தைப் போடுவதாக முடிவாகியிருக்கிறது. வெள்ளைக் கவுணும் தொப்பியுமாக நிற்கும் ஒரு படம் என்னிடம் இருக்கிறது, சற்று மங்கல். அதைப் போடலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். கல்வெட்டு எழுதுவதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இந்த விடயத்தில் ஒருமுறை பிழைவிட்டவன் நான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் சின்னம்மாவும் தாதி. யாழ் மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் நீண்டகாலம் வேலை செய்து 1998 இல் இளைப்பாறினார். 2014 இல் அவர் காலமானபோது, எழுத்தாளன் என்ற பெயர் இருந்த காரணத்தால் கல்வெட்டை என் தலையில் கட்டினார்கள். நாற்பது பக்கங்களில் செய்தோம். விநாயகர் துதி, இறந்த திதியைப் பாடும் திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், மூன்று விதமான புலம்பல், வம்சவழி, நன்றி நவிலல் என்று ஒன்றும் குறையவில்லை. வாழ்க்கை வரலாறு என்ற பகுதியில், திருமணத்துக்கும் மூத்த மகன் பிறந்ததற்கும் நடுவே, ‘அரச சேவையில் தாதியாகக் கடமையாற்றி இளைப்பாறினார்’ என்று நான் எழுதியிருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு அரை வரி. மீதிப் பக்கங்களில் அவர் மகளாகவும் மனைவியாகவும் தாயாகவும் மாமியாகவும் மச்சாளாகவும் பாட்டியாகவும் இருந்தார்.

அந்தியேட்டியன்று கீரிமலையிலிருந்து எல்லோரும் வீடு திரும்பிச் சாப்பாட்டுக்கு ஆயத்தமாகும் நேரத்தில், எங்களில் எவருக்கும் தெரியாத ஒருவர் சைக்கிளில் வந்தார். அறுபது வயது இருக்கும். வலது கையில் முழங்கைவரை எரிந்து ஆறிய தழும்பு. கல்வெட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பந்தலின் ஓரத்தில் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, “மிஸி எந்த வாட்டில நிண்டவ எண்டு இதில போடேல்லையே தம்பி?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. 1992 இல், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, சின்னம்மாவுக்கு இரவுச் சாப்பாடு கொண்டுபோனவன் நான்தான். அந்த நோயாளர் விடுதிக் கதவின் நீல நிறம் தெரியும், வெளியே நின்ற வேப்பமரம் தெரியும், எத்தனையாம் வாட் என்பது தெரியாது. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கல்வெட்டைச் சுருட்டிச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதையும் கேட்கவில்லை.

ஆகவே உங்களுடைய முதற்கேள்விக்கு என் பதில் இது. ‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தார்’ என்பது உங்கள் அம்மாவின் விடயத்தில் பொய்யில்லை. அச்சகங்களில் ஆயத்தமாகக் கிடக்கும் வசனம் அது என்பதே அதன் குறை. பெயரையும் திகதியையும் மாற்றினால் யாழ்ப்பாணத்தில் இறக்கும் எந்தத் தாய்க்கும் பொருந்திவிடும். உங்களுக்குக் கை வராமல் போனதற்குக் காரணம், அம்மா குடும்பத்துக்காக வாழவில்லை என்ற சந்தேகமாக இருக்காது. அந்த வசனத்துக்குள் உங்கள் அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அவருடைய வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். தெரியாது என்று சொல்லிவிட்டு அதற்கு அடுத்த வரியிலேயே நீங்கள் சொல்லத் தொடங்கிவிடுகிறீர்கள்.

சிவப்புப் பேனையை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் எழுதும் குறிப்பு நீல மையிலும் இரவுக் குறிப்பு சிவப்பு மையிலும் இருக்கவேண்டும் என்பது வைத்தியசாலைகளின் பழைய வழக்கம். மறுநாள் காலையில் அட்டையைப் புரட்டும் வைத்தியருக்கு, இரவில் நடந்தது எது என்று பார்த்தவுடன் தெரியவேண்டும் என்பதற்காக. நான் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் சின்னம்மா அந்த அறிக்கையை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். 1990 இல் போர் மறுபடி மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் தடை. மேசையில் ஜாம் போத்தல் விளக்கு ஒன்று இருக்கும். அந்த விளக்கை அறியாத உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் பிடித்த ஒரு திரி. காற்று அணைக்காது, எண்ணெயும் வீணாகாது. அந்த வெளிச்சத்தில் சின்னம்மா வெப்பமானியை உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பாதரசம் நிற்கும் இடத்தைத் தேடுவார். பிறகு அதை உதறிவிட்டுச் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி வைப்பார். பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கையால் கோடு போட்ட தாள் அது. அச்சடித்த அட்டைகள் அப்போது வருவதில்லை.

உங்கள் அம்மா உங்கள் கணக்குக் கொப்பியைத் திருத்தியது அந்தப் பேனையால்தான் இருக்கவேண்டும். இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் கட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, அறிக்கையை எழுதி முடித்து, அதே விளக்கில் உங்கள் பின்னக் கணக்குகளுக்குச் சரி போட்டிருக்கிறார். அந்தக் கொப்பிகளில் ஒன்றாவது பெட்டிக்குள் கிடந்தால் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக் கல்வெட்டில் போடுங்கள். எந்தப் புலம்பலும் அதற்கு ஈடாகாது.

அடுத்தது பின்னல். இலங்கை வைத்தியசாலைகளில் தாதியரின் கடமை நேரம் காலை 7 முதல் பகல் 1 வரை, பகல் 1 முதல் மாலை 7 வரை, மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை என்று பிரிந்திருக்கும். இரவுக் கடமை முழுதாக 12 மணித்தியாலம். கோண்டாவிலிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் பலாலி வீதியால் சைக்கிளில் வருவதென்றால், வழியில் ஒரு தடங்கலும் இல்லாவிட்டாலும், ஆறு மணி தாண்டியவுடனேயே வீட்டை விட்டு இறங்கவேண்டும். காலையில் கடமையை ஒப்படைக்கும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று அடுத்த தாதிக்குச் சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிடலாம். அவர் வீட்டுப் படலையைத் திறக்கும் நேரத்தில் நீங்கள் பாடசாலையில் தேவாரம் பாடிக்கொண்டிருந்திருப்பீர்கள். ஆகவே மறுநாள் காலைக்கான பின்னலை அவர் பின்னுவதற்கு இருந்த ஒரே நேரம் முதல்நாள் மாலை ஐந்து மணி. அதை அவர் தவறவிடவில்லை. நீங்கள் கலைந்த தலையோடு போனது உண்மை, அதையும் எழுதுங்கள். ஐந்து மணி என்பதையும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசிப்பவர்கள் மீதியைத் தாமே விளங்கிக்கொள்வார்கள். பரிசளிப்பு விழாவுக்கு அவர் ஏன் வரவில்லை என்பதற்கும் தனி விளக்கம் தேவைப்படாது.

அப்பம்மாவின் நான்கு ஆண்டுகளைக் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அது கடிதத்தின் நடுப்பகுதியாகத் தெரிந்தது. படுக்கையில் விழுந்த ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால், எலும்பு துருத்தும் இடங்களில் இரத்தவோட்டம் நின்று தோல் செத்துப் புண்ணாகும். இடுப்பின் பின்பக்கமும் குதிக்காலும்தான் முதலில் போகும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட அது தோலை அறுக்கும். கட்டில் விரிப்பின் மூலையைக் கடிதவுறை போல மடித்து மெத்தைக்குக் கீழே இறுக்குவது அழகுக்காகச் செய்வதல்ல. மூன்று வருடப் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடம் அது. தாதியர் கல்லூரியில் கற்ற கையை அவர் வீட்டு வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரவில்லை. குசினிக் கதவில் ஒட்டியிருந்த தாளும் விடுதியில் தொங்கும் கடமைப் பட்டியலின் அதே வடிவம்தான். வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மாமியாரின் முதுகு புண்ணாகக் கூடாது என்பதற்காகப் பாடசாலைப் பிள்ளைகளைத் தாதியராக்கியிருக்கிறார். அந்த முறையில் உங்கள் பெயருக்கு எந்த நேரம் விழுந்தது, தம்பி எத்தனை தடவை ஒளித்தார் என்பதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பம்மா இறக்கும்போது முதுகு எப்படி இருந்தது என்று சித்தப்பாமாரிடம் கேளுங்கள். குளிப்பாட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி, நீங்கள் கோபம் என்று எழுதிய இடம். 1995 ஒக்ரோபர் 30 மாலை தொடங்கி வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நகர்ந்ததை நீங்களும் நடந்தீர்கள், நானும் நடந்தேன். அதை உங்களுக்கு நான் விபரிக்க வேண்டியதில்லை. பெரியாஸ்பத்திரியும் அந்த நாட்களில் இடம்பெயர்ந்தது. அதன் வேலைகள் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு, அதாவது மந்திகைக்கு, மாறின. கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் பாடசாலைகள், கோயில்கள், மரநிழல்கள் எங்கும் சனம். கிணறுகள் போதவில்லை. வயிற்றோட்டம் தொடங்கிய குழந்தைக்கு ஜீவனி கரைத்துக் கொடுக்கத் தெரிந்த ஒரு கை அப்போது எவ்வளவு பெறுமதியானது என்பதை, அந்த மரநிழலில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை தங்களுடன் நிற்காமல் மந்திகைக்குப் போனதே என்று பதினைந்து வயதுப் பிள்ளை கோபித்ததிலும் நியாயம் இருக்கிறது. அவர் செய்தது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சம்பளம் அங்கேதான் கிடைத்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். கொடிகாமத்தில் உங்களுக்கு அரிசி வாங்கிய காசு அது. ஆனால் சம்பளத்துக்காக மட்டும் போனார் என்றும் சொல்லமாட்டேன். அந்த வேலை அவருக்குப் பிடித்திருக்கலாம். பிள்ளைகளை நேசித்த ஒரு பெண் தன் வேலையையும் நேசித்தாள் என்று எழுதினால் அது ஏதோ குடும்பத்துக்குச் செய்த துரோகம் போல நம்மவர்களுக்குப் படுகிறது. அதனால்தான் ‘தியாகம்’ என்ற சொல்லை எடுத்து மூடிவிடுகிறோம். உங்கள் கோபத்தை ஒரு வசனத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். தம்பியார் அதை வெட்டச் சொன்னால் வெட்டாதீர்கள்.

தீபாவளியைப் பற்றி மிகக் கவனமாக எழுதவேண்டியிருக்கிறது. 1987 ஒக்ரோபர் 21 தீபாவளி நாள். இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர் நடந்துகொண்டிருந்தது. அன்று பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படையினர் சுட்டதில், அன்றும் மறுநாளுமாக, நோயாளிகள், வைத்தியர்கள், தாதியர், ஊழியர் என்று 60இற்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலையில், கைகளை உயர்த்தியபடி, நாங்கள் வைத்தியர்களும் தாதியரும் என்று சொல்லிக்கொண்டு தாதியருடன் வெளியே வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் அவர்களில் ஒருவர். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் வைத்தியசாலைக்குள்ளேயே அஞ்சலி நடக்கிறது. உங்களுக்கு அப்போது ஏழு வயது. அந்த இரண்டு நாட்களில் அம்மா கடமையில் இருந்தாரா, வீட்டில் இருந்தாரா, அவருடன் பயின்றவர் எவரேனும் அங்கே இறந்தாரா என்பது எதுவும் எனக்குத் தெரியாது. அவர் புது உடுப்பு உடுத்தாததற்கு அப்பாவின் மறைவே காரணமாகவும் இருக்கலாம். ஊகித்து எழுதிவிடாதீர்கள். அவருடன் வேலை செய்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். தெரியாவிட்டால், ‘தீபாவளிக்கு எங்களுக்கு உடுப்பு வாங்கித் தருவார், தான் உடுத்தமாட்டார்’ என்ற உங்கள் வசனத்தை அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவின் வயதுடையவர்கள் அந்தப் பக்கத்தில் சற்று நிற்பார்கள்.

உறவுப் பட்டியலைப் பற்றியும் ஒரு யோசனை. ‘அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மைத்துனியும் ஆவார்’ என்று போகும் அந்த நீண்ட வசனத்தைப் பலர் கேலி செய்கிறார்கள். நான் செய்வதில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் சிதறிக் கிடப்பவர்கள் தங்களுக்கு யார் என்ன முறை என்று அறிவதற்கு இன்று அதை விட்டால் வேறு வழியில்லை. அந்தப் பட்டியலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அம்மா அவருக்குச் செய்த ஒன்றைத் தேடிப் பாருங்கள். மூத்த சித்தப்பா உயர்தரம் படித்தபோது யார் காசு கட்டியது? இளைய சித்தப்பாவின் மனைவிக்குப் பிரசவத்தின்போது கூட நின்றது யார்? உங்கள் பிள்ளைகள் பிறந்தபோது அம்மா ஸ்காபரோவுக்கு வந்து நின்றாரா? வந்திருந்தால் சரக்குக் கறி காய்ச்சித் தந்திருப்பார். கூடவே குழந்தையின் தொப்புளையும் உங்கள் தையலையும் தினமும் பார்த்திருப்பார். ஊரில் ஒரு வீட்டில் தாதி இருந்தால் அந்தத் தெருவுக்கே ஊசி போடுபவரும், புண் கட்டுபவரும், ‘இதை வைத்திருக்காதேங்கோ, உடன கொண்டுபோங்கோ’ என்று சொல்பவரும் அவர்தான். பட்டியலிலுள்ள பத்துப் பெயர்களுக்கு இப்படி ஒவ்வொரு வரி கிடைத்தாலே வரலாறு எழுதி முடிந்துவிடும். சித்தப்பாமார் விரும்பும் குடும்பமும் அதில் இருக்கும், நீங்கள் தேடும் தாதியும் இருப்பார்.

தவிர்க்கவேண்டியவை என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று, ‘யாழ்ப்பாணத்து நைற்றிங்கேல்’. இதை எழுதித் தருவதற்கு எப்படியும் ஒருவர் முன்வருவார். கையில் விளக்கோடு நிற்கும் அந்தப் பெண், இறந்த படையினரை எண்ணி, எத்தனை பேர் காயத்தால், எத்தனை பேர் நோயால் என்று கணக்கெடுத்து வரைபடம் போட்டு அரசாங்கத்தோடு வாதாடியவர் என்பதை அப்படி எழுதுபவர்கள் அறிவதில்லை. விளக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் அவருக்கே உரிய ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. மற்றது, ‘ஊதியம் பாராத சேவை’. அவர் ஊதியம் வாங்கினார். வாங்கியபடியால்தான் ஆறு பேர் சாப்பிட்டீர்கள். அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இளைப்பாறிய என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற என்கிறார்கள். நம்முடைய சொல் அதைவிட அழகானது, இளைத்தவர் ஆறியிருப்பது. 2011 க்குப் பிறகு உங்கள் அம்மா எத்தனை நாள் ஆறியிருந்தார் என்பது வேறு கதை.

இவையெல்லாம் கல்வெட்டில் போடக்கூடியவையா என்று தயங்குகிறீர்கள். நம்முடைய ஊரின் மருத்துவ வரலாற்றில் 1847 இல் வந்திறங்கி மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீனின் பெயர் இருக்கிறது. மானிப்பாயில் அவர் பெயரில் வைத்தியசாலையும் நிற்கிறது. 1850 இல் பெரியாஸ்பத்திரிக்கு அடியிட்ட அரசாங்க அதிபர் டைக்கின் பெயரும் இருக்கிறது. அந்த விடுதிகளில் இரவிரவாக நின்ற பெண்களின் பெயர்களைத் தேடிப் போனால் கல்வெட்டுகளுக்குத்தான் வரவேண்டும். நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் சேகரித்து இணையத்தில் ஏற்றி வருகிறது. உங்களுடையதில் ஒரு பிரதியை அவர்களுக்குக் கொடுக்கும்படி தங்கையிடம் சொல்லுங்கள். என் சின்னம்மாவின் கல்வெட்டை எவரேனும் அங்கே எடுத்துப் பார்த்தால் அவருக்குக் கிடைக்கப்போவது என்னுடைய அரை வரி.

தங்கை ஊரில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அம்மாவுடன் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர்களில் இரண்டு மூன்று பேராவது நல்லூர், கொக்குவில் பக்கம் இருப்பார்கள். செத்தவீட்டுக்கும் வந்திருப்பார்கள். அவர்களை நேரில் போய்ப் பார்த்து, எந்த ஆண்டு எந்த வாட்டில் நின்றார், எந்த வைத்தியருடன் வேலை செய்தார், இரவுக் கடமைக்கு யாருடன் சைக்கிளில் போனார் என்று கேட்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘நல்லவ, அமைதியானவ’ என்பதோடு முடித்துவிடுவார்கள். முன்னால் இருந்து தேநீர் குடித்தால் கதை வரும். நான்கு நாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன். அச்சகத்துக்கு மூன்று நாள் போதும். திதி வெண்பா எழுத எனக்கு வராது, அதற்கு உங்கள் கோயில் ஐயரையோ ஊரிலுள்ள பண்டிதர் எவரையோ கேளுங்கள்.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்னட்டையில் சேலைப் படமே இருக்கட்டும். சித்தப்பாமாருடன் அதற்காகச் சண்டை பிடிக்கவேண்டாம். வெள்ளைக் கவுண் படத்தை வாழ்க்கை வரலாறு தொடங்கும் பக்கத்தில் முழு அளவில் போடுங்கள். மங்கலாக இருந்தால் இருக்கட்டும். அதன் கீழே, அவர் கடமையாற்றிய ஆண்டுகளையும் வாட் இலக்கத்தையும் எழுதுங்கள். பதினொரு நாளுக்குள் இலக்கம் கிடைக்காவிட்டால் ‘வாட் இலக்கம்’ என்று மட்டும் அச்சிட்டு, பக்கத்தில் ஒரு கோடு விட்டுவிடுங்கள். அந்தியேட்டிக்கு வருபவர்களில் ஒருவர் பேனை கேட்பார்.

அன்புடன்.